கத்தியின்றி முதுகு நலமாகுமா?

ஏரலிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள மடலுக்கே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் ஒதுக்குகிறோம். அவர் கேட்டுள்ள கேள்வி நம் குடும்பங்கள் பலவற்றின் கேள்வியுமாகும். மடலின் சாரம் இது:

“2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் சிறு பலசரக்குக் கடை ஆற்றோடு போயிற்று. அதன்பின் என் கணவர் லாரியில் வாழைத்தார் ஏற்றும் வேலைக்குச் செல்கிறார். ஆறு வாரங்களுக்கு முன் தார் தூக்குகையில் இடுப்பில் ‘சுருக்’கென்று பிடித்தது. அன்றுமுதல் வலி இடக்காலின் பின்புறமாகக் கணுக்கால்வரை இறங்குகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து டிஸ்க் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் என்றதும் அஞ்சிவிட்டோம். இயந்திரப் படுக்கையில் வைத்து இழுத்து, இருபது தடவையில் டிஸ்கை உள்ளே தள்ளிவிடலாம் என ஓரிடத்தில் உறுதி கூறுகிறார்கள். பணம் முழுவதையும் முன்னதாகவே கட்டவேண்டுமாம். எங்களிடம் எஞ்சியிருப்பது என் கழுத்துச் சங்கிலி ஒன்றே. அதை அடகு வைக்கலாமா?”

அன்புச் சகோதரி, வைக்க வேண்டாம் என்பதே எம் விடை. ஆயினும் காரணம் அறியாது விடையை மட்டும் ஏற்பது நன்றன்று. எனவே சற்று விரிவாகவே நோக்குவோம்.

டிஸ்க் என்பது யாது?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. முள்ளெலும்புகள் பல அடுக்கப்பட்ட தொடர். கழுத்தில் ஏழு, மார்புப் பகுதியில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து என அவை அமைந்துள்ளன. இவற்றிடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளையே டிஸ்க் என்கிறோம். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நார்செறிந்த உறுதியான வளையம். உள்ளே கூழ்போன்ற மென்பொருள். வயது முதிர்வினாலோ, பெருஞ்சுமையினாலோ வளையத்தில் கீறல் விழுந்தால், உள்ளிருக்கும் கூழ் அதன் வழியே பிதுங்கும். அருகே செல்லும் நரம்பை அது உறுத்தினால், வலி அந்நரம்பு செல்லும் வழியெல்லாம் பரவும். இடுப்பில் நேர்ந்தால் காலிலும், கழுத்தில் நேர்ந்தால் கையிலும் வலி தோன்றுவது இதனாலேயே. பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் 1934-ஆம் ஆண்டில் இதனை உலகறியத் தெளிவுபடுத்தினர்.

‘டிஸ்க் நழுவிவிட்டது’ எனப் பலரும் கூறுவர். அது சரியன்று. டிஸ்க் தன் மேலும் கீழுமுள்ள எலும்புகளோடு இறுகப் பிணைந்தது. காசு நழுவுவதுபோல் நழுவுவதில்லை. ஆதலின் அதை மீண்டும் ‘உள்ளே தள்ளுவது’ என்னும் பேச்சுக்கும் இடமில்லை.

ஸ்கேன் படத்தைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்சவும் வேண்டாம். முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்து அமெரிக்காவில் 1994-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது! நோயாளியைத் தொட்டுச் சோதித்து, அவர் சொல்வதைக் கேட்டு, அதனோடு பொருத்திப் பார்த்தால்தான் படத்திற்குப் பொருளுண்டு.

இயந்திரம் செய்வது என்ன?

முதுகை இழுத்து நோய் தீர்க்கும் எண்ணம் புதியதன்று. கிரேக்க மருத்துவ மேதை ஹிப்போகிரட்டஸ் காலத்திலேயே நோயாளியைப் பலகையில் கட்டி இழுக்கும் முறை இருந்தது. மருத்துவமனைகளில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு இழுத்த ‘டிராக்ஷன்’ முறையைப் பெரியவர்கள் அறிவர். அதன் புதிய வடிவமே இன்றைய இயந்திரப் படுக்கை. இடுப்பிலும் மார்பிலும் வார்களைப் பூட்டி, கணிப்பொறியின் துணையால் விட்டுவிட்டு இழுப்பார்கள். கனடா நாட்டு மருத்துவர் ஆலன் டயர் 1990-களின் தொடக்கத்தில் இவ்வகை இயந்திரம் ஒன்றை அமைத்தார். இழுக்கும்போது டிஸ்கினுள் அழுத்தம் குறைகிறது. எனவே பிதுங்கியது உள்வாங்கப்படும் என்பது இம்முறையினரின் வாதம்.

இழுக்கும்போது சிலருக்குச் சுகமாயிருப்பது மெய்யே. ஆனால் எழுந்து நின்றதும் உடலின் பாரம் மீண்டும் அந்த டிஸ்கின்மேல் இறங்குமன்றோ? நாம் கேட்க வேண்டியது, சில வாரங்கள் கழித்து என்ன பயன் விளைந்தது என்பதே.

ஆய்வுகள் கூறுவது

இடுப்பு வலிக்கு இழுவை முறையைச் சோதித்த 32 ஆய்வுகளை ஒருங்குதிரட்டி, காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வுக் குழுவினர் 2013-இல் முடிவு கூறினர். காலுக்கு இறங்கும் வலி உடையவர்களும் அதில் அடங்குவர். இழுவையினால் வலியிலோ, வேலைக்குத் திரும்புவதிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்பதே அம்முடிவு. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி 2016-இல் இம்முறையை அளிக்க வேண்டாம் என்றது. நோய்க்காரணம் இன்னதென்று புலப்படாத நீடித்த இடுப்பு வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியிலும், இழுவைச் சிகிச்சை வேண்டாதவற்றின் வரிசையில் இடம்பெற்றுள்ளது. கழுத்து வலியில் மட்டும், உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தபோது சிலருக்குப் பயன் கண்டதாகச் சான்றுண்டு.

“அவ்வாறாயின், இயந்திரத்தால் குணமானேன் என்று அடுத்த தெருக்காரர் சொல்கிறாரே?” என்று கேட்பீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இருபது தடவை சென்றுவர ஒரு மாதமோ, ஒன்றரை மாதமோ ஆகிறது. அந்நாள்களில் உடலும் சும்மா இருப்பதில்லை. பிதுங்கிய கூழை அந்நியப் பொருளாகக் கருதி, உடலின் காவல் அணுக்கள் அதைச் சிறிது சிறிதாக அரித்துக் கரைக்கின்றன. பெரிதாகப் பிதுங்கியவையே பெரும்பாலும் நன்கு சுருங்குகின்றன என்பது வியப்புக்குரிய உண்மை. நலமாக்கியது உடல்; பெயர் பெற்றது இயந்திரம்!

ஆபரேஷனைப் பற்றியும் ஒரு சொல். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் கால் வலியால் வருந்திய 283 பேரை நெதர்லாந்தில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை. மற்றவருக்குப் பொறுத்திருந்து மருந்தும் பயிற்சியும். தேவைப்பட்டால் பின்னர் அறுவை. 2007-இல் வெளியான முடிவின்படி, அறுவை பெற்றோர்க்கு வலி விரைவாகத் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் நலமடைந்ததாகக் கூறினர். பொறுத்திருந்தவர்களுள் பத்துக்கு நால்வர் அளவில் இடையே அறுவை செய்துகொண்டனர் என்பதையும் மறைக்கலாகாது. அறுவை பகையன்று, வலி பொறுக்க முடியாதவர்க்கு அது நல்ல துணை. பெரும்பாலோர்க்கு அவசரமில்லை என்பதே பாடம்.

காலந்தாழ்த்தலாகாத அறிகுறிகள்

பொறுமை எல்லார்க்கும் பொருந்தாது. பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீரும் மலமும் தம்மையறியாது வெளியேறுதல்; தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றிலும் மரத்துப்போதல்; பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்குதல்; இரு கால்களும் வலுவிழத்தல். இவற்றில் சில மணி நேரத் தாமதமும் வாழ்நாள் முழுவதும் ஊனத்தில் முடியலாம்.

முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலோ, உடல் மெலிவோ இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைவிற்கொள்ள வேண்டும். நம் நாட்டில் அது அரிதன்று. முன்னரே புற்றுநோய் கண்டவர், கீழே விழுந்து அடிபட்டவர், எலும்பு தேய்ந்து வலுவிழந்த முதியவர் ஆகியோரின் முதுகைச் சோதிக்காமல் இழுப்பது பெருந்தீங்காகும்.

செய்யத்தக்கவை

சகோதரி, உங்கள் கணவர் மேற்சொன்ன அறிகுறிகள் இல்லாதவராயின், முதலில் படுக்கையை விட்டு எழட்டும். வலி மிகுந்த ஓரிரு நாள்கள் படுக்கலாம். அதற்குமேல் படுத்திருப்பது தசைகளை வலுவிழக்கச் செய்யும். பின்லாந்தில் 1995-இல் வெளியான ஆய்வில், முதுகு வலி வந்தபின்னும் இயன்ற அளவு அன்றாட அலுவல்களைத் தொடர்ந்தவர்களே படுத்திருந்தவர்களைவிட விரைவில் நலமடைந்தனர். சமதரையில் சிறிது சிறிதாக நடத்தல் நல்ல மருந்து.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்கோ அவரை அழைத்துச் செல்லுங்கள். எலும்பு மருத்துவர் காலின் வலுவையும் உணர்ச்சியையும் சோதித்து வழி கூறுவார். அவருக்கேற்ற பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவார். ஸ்கேன் படத்தையும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். நடக்க இயலாதவர்க்கு, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே பயிற்சியளிக்கவும் ஏற்பாடுண்டு. அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் விழுங்குதல் வேண்டாம். இரைப்பையும் சிறுநீரகமும் கெடும்.

வேலைக்குத் திரும்பும்போது சில மாதங்களாவது இலேசான பணி கேட்டுப் பெறட்டும். தாரை எடுக்கையில் இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி அமர்ந்து, சுமையை உடலோடு அணைத்து எழ வேண்டும். சுமையோடு இடுப்பைத் திருகாமல், பாதங்களையே திருப்ப வேண்டும். ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மிகலாகாது எனப் பன்னாட்டுத் தொழில் நிறுவனம் 1967-லேயே பரிந்துரைத்தது. அது நலமுள்ள முதுகுக்குரிய அளவு என்பதை ஏற்றுமதி செய்வோரும் மண்டிக்காரரும் உணர்தல் வேண்டும். இரண்டு தாரை ஒருமிக்கத் தூக்கச் சொல்லி அரைமணி நேரத்தை மிச்சம்பிடிப்பவர், ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயை அழிக்கிறார்.

வீட்டாருக்கும் ஒரு கடமையுண்டு. வெளியே காயம் தெரியாத நோயாதலால், ‘நடிக்கிறார்’ என்னும் சொல் எளிதில் வாயில் வந்துவிடும். அச்சொல் வலியினும் கொடிது.

சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும், சகோதரி. ஆறு வாரங்களைக் கடந்துவிட்டீர்கள். மருத்துவர் சொற்படி இன்னும் சில வாரங்கள் நடையும் பயிற்சியுமாகக் கழியட்டும். வலி தணியாவிடில் அறுவையைப் பற்றி அரசு மருத்துவரிடமே அச்சமின்றிக் கேளுங்கள். அவர் கூறியதை எமக்கும் எழுதுங்கள்.