களைத்த உடம்போடு மரம் ஏறவேண்டாம்



சென்ற மாதம் என் வகுப்பில் தரம் நான்கு பிள்ளையொன்று மேசையில் தலைவைத்து நித்திரையாகிவிட்டது. நான் எழுப்பவில்லை. இடைவேளையில் விசாரித்தேன். "அம்மா மூண்டு மணிக்கு எழும்பிடுவா சேர். லைற் போட்டால் எனக்கும் நித்திரை வராது."

அந்தத் தாய் தென்னந்தோட்டத்தில் வேலை செய்பவர். விடியமுன் சமையல், பகல் முழுக்கத் தேங்காய் பொறுக்கிக் குவிக்கும் வேலை, பின்னேரம் ஆட்டுக்குக் குழை, கிணற்றடி. படுக்கப் பத்தரை. நித்திரை நாலரை மணித்தியாலம். "பழகிப்போச்சு" என்கிறார். உடம்பு அதற்குப் பழகுவதில்லை. களைப்பை உணரும் புத்திதான் மங்கிப்போகிறது. கையும் கண்ணும் பிந்துவது நமக்கே தெரியாமற் போவதுதான் இதிலுள்ள ஆபத்து.

மரம் ஏறும் தோழர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மரக்கணக்கில் கூலி என்றால் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் சொந்தக் காசு. அதனால் மத்தியான வெயிலிலும் "இன்னும் நாலு மரம்" என்று ஏறுகிறோம். தளைநார் வழுக்குவது அந்தக் கடைசி நாலு மரத்தில்தான். அலவாங்கில் தேங்காய் உரிப்பவரின் கை கிழிபடுவதும் பின்னேரத்தில்தான். பிறகு "கவனமில்லாதவன்" என்று பெயர்.

பளையில் இருப்பவர்களுக்கு முகமாலை தூரமில்லை. 2009 இல் யுத்தம் முடிந்தபின் அங்கே கண்ணிவெடி அகற்றுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் நம்மூர்ப் பெண்கள் பலர். குறித்த நேரம் வேலை செய்தபின் கட்டாயம் இடைவேளை. களைக்கவில்லை என்று சொன்னாலும் நிழலுக்கு வந்து இருக்கத்தான் வேண்டும். களைத்த கை பிழை விடும் என்பதை அங்கே சட்டமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எண்பதடி உயரத்தில் நிற்கும் மனிதனுக்கு மட்டும் ஏன் அது பொருந்தாது?

நாம் நம்புவது வெறுந்தேத்தண்ணியை. நானும்தான், வினாத்தாள் திருத்தும் இரவுகளில் மூன்று கோப்பை போகும். தேயிலையிலுள்ள கஃபீன் நித்திரையைத் தள்ளிப்போடும், களைப்பைத் தீர்க்காது. பின்னேரம் ஐந்து மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் நிற்கும். படுத்தும் நித்திரை வராததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, பெண்களுக்கு முக்கியமானது: சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். முருங்கையிலை வறையோடு தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். நன்றாக நித்திரை கொண்டும் களைப்பு மாறாவிட்டால், படியேற மூச்சு வாங்கினால், கிளினிக்கில் இரத்தம் பரிசோதியுங்கள். அது சோம்பலல்ல, இரத்தச்சோகையாக இருக்கலாம்.

மத்தியானம் மரநிழலில் இருபது நிமிடம் கண்ணயர்வது தேத்தண்ணியைவிட நல்லது. வேலை முடிந்து ஏ-9 வீதியில் மோட்டார் சைக்கிளில் வரும்போது கண் சொருகினால் நிறுத்திவிடுங்கள். முகம் கழுவுவது ஐந்து நிமிடத்துக்குத்தான் உதவும்.

ஆனால் இருபது நிமிடம் படுக்க யார் விடுகிறார்கள்? 1886 இல் சிக்காகோ தொழிலாளர் எட்டு மணித்தியால வேலை கேட்டபோதே எட்டு மணித்தியால ஓய்வையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். மேதினத்தில் கொடி பிடிக்கும் நாம் அந்த இரண்டாவது எட்டைக் கேட்பதேயில்லை. வீட்டுக்குள்ளும் அதே கதைதான். விடிய மூன்று மணிக்குத் தாய் எழும்ப, தகப்பன் ஆறு மணிவரை படுத்திருக்கும் வீடுகள் எத்தனை? தோழர்கள் கோபிக்கக்கூடாது.

வடக்கில் தென்னைச் செய்கையைப் பெருக்கப்போவதாக அரசு சொல்கிறது. நல்லது, கன்றுகள் நடட்டும். அந்த மரங்களில் ஏறப்போகிறவர்களின் வேலைநேரத்தை இப்போதே எழுதிவைக்கவேண்டும்: கணக்கில் வெட்டாத மத்தியான ஓய்வு, கடும் வெயில் நேரத்தில் மரமேற்றமில்லை, ஏறும் மரங்களுக்கு நாளாந்த உச்சவரம்பு, அந்த வரம்புக்குள்ளேயே முழுச் சம்பளம்.

இதைப் பேச நமக்குக் கணக்கு வேண்டும். பிள்ளையின் பழைய கொப்பியொன்றில் இரண்டு வாரத்துக்கு எழும்பிய நேரம், படுத்த நேரம், ஏறிய மரம், விழுந்த காயம் எல்லாம் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். கொப்பிகளைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள், அல்லது பள்ளிக்கூடத்தில் என்னிடம் தாருங்கள்.