ஓடும் வீடு மின்சாரத்தில் ஓடினால் லாபமா?

வண்டியிலேயே படுக்கை! வண்டியிலேயே அடுப்பு! கடற்கரையில் நிறுத்தினால் அது கடற்கரை வீடு. மலையடிவாரத்தில் நிறுத்தினால் அது மலை பங்களா. ஓட்டல் வாடகை இல்லை. மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை இல்லை.

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இப்படிப்பட்ட வண்டிக்குக் "கேம்பர் வேன்" என்று பெயர். விடுமுறை வந்தால் போதும். கணவன், மனைவி, குழந்தைகள், சில வீடுகளில் நாய்க்குட்டியும்கூட ஏறிக்கொள்ளும். வண்டி புறப்பட்டுவிடும்.

பெட்ரோலிலும் டீசலிலும் ஓடிவந்த இந்த வண்டி இப்போது மின்சாரத்திலும் ஓடுகிறது. புகை இல்லை. சத்தம் இல்லை. "மின்சாரம் மலிவு. ஆகவே மின்சார வண்டியும் மலிவு" என்று பலர் நினைக்கிறார்கள்.

இது பாதி சரி. பாதி தவறு. எந்தப் பாதி சரி என்று தெரியாமல் பணத்தைப் போட்டால், ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு கரைந்துவிடும்!

விலை என்ன?

ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி 2022-ம் ஆண்டில் "ஐ.டி. பஸ்" என்ற மின்சார வேனை வெளியிட்டது. இங்கிலாந்தில் அப்போது அதன் ஆரம்ப விலை சுமார் 57,000 பவுண்டு. இது வெறும் வேனின் விலை. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, உயர்த்தி இறக்கும் கூரை எல்லாம் வேண்டும் என்றால், இன்னும் பல ஆயிரம் பவுண்டு செலவாகும்.

பிரிட்டனில் முழுநேர வேலை பார்க்கும் ஒரு நடுத்தரத் தொழிலாளியின் ஆண்டு வருமானம் 2024-ல் சுமார் 37,000 பவுண்டு. அதாவது, ஒன்றரை ஆண்டுச் சம்பளத்தை ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தால்தான் அந்த வெறும் வேன் கைக்கு வரும். கட்டிலும் அடுப்பும் அதற்குப் பிறகுதான்.

வாங்கியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யானையை வாங்கினால் போதுமா? தீனி போட வேண்டாமா?

வீட்டு மின்சாரம் ஒரு விலை, ரோட்டு மின்சாரம் ஒரு விலை!

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

பிரிட்டனில் சில மின்சாரத் திட்டங்களில் நடுஇரவில் மின்சாரம் மிகவும் மலிவு. ஒரு யூனிட் சுமார் 8 பென்ஸ். (100 பென்ஸ் ஒரு பவுண்டு.) இரவில் வீட்டு வாசலில் வண்டியைச் செருகிவிட்டுப் படுத்தால், காலையில் பாட்டரி நிறைந்திருக்கும்.

ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில், அவசரமாக மின்சாரம் ஏற்றும் நிலையத்தில் அதே ஒரு யூனிட் 2025-ல் சுமார் 75 பென்ஸ்! ஒன்பது மடங்குக்கும் மேல்.

ஏன் இந்த வித்தியாசம்? வேகமாக ஏற்றும் நிலையத்துக்குப் பெரிய மின்கம்பி, பெரிய யந்திரம் எல்லாம் வேண்டும். அந்தச் செலவு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. வரியும் சேர்கிறது. வீட்டு மின்சாரத்துக்கு வரி 5 சதவீதம். பொது நிலையத்தில் 20 சதவீதம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்!

இரண்டு பயணம், இரண்டு கணக்கு

ஆள், சாமான் எல்லாம் ஏற்றிய மின்சார வேன் 100 கிலோமீட்டர் ஓட சுமார் 25 யூனிட் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு டீசல் வேன் சுமார் 8 லிட்டர் குடிக்கும். டீசல் லிட்டர் 1 பவுண்டு 40 பென்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் பயணம்: சனிக்கிழமை புறப்பட்டு 100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கடற்கரைக்குப் போய், ஞாயிறு திரும்புகிறது ஒரு குடும்பம். போகவர 200 கிலோமீட்டர். வீட்டில் ஏற்றிய மின்சாரமே போதும். செலவு 4 பவுண்டு. டீசலுக்கு 22 பவுண்டு ஆகியிருக்கும். மின்சாரத்துக்கே வெற்றி!

இரண்டாவது பயணம்: அதே குடும்பம் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரத்துக்குப் போகிறது. சுமார் 900 கிலோமீட்டர். அங்கிருந்து வடகடலோரத்தைச் சுற்றிவரும் புகழ்பெற்ற "நார்த் கோஸ்ட் 500" சாலை. அது 830 கிலோமீட்டர். பிறகு லண்டன் திரும்ப 900. மொத்தம் ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர்.

புறப்படும்போது மட்டும் பாட்டரி நிறைய வீட்டு மின்சாரம். பாக்கி முழுவதும் ரோட்டோர மின்சாரம் என்றால் செலவு சுமார் 440 பவுண்டு. டீசல் வண்டிக்கு சுமார் 295 பவுண்டு. இங்கே டீசலுக்கே வெற்றி!

வேடிக்கையாக இல்லையா? கேம்பர் வேன் வாங்குவதே வீட்டை விட்டுத் தொலைதூரம் போவதற்குத்தான். ஆனால் மலிவான மின்சாரம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அது கூட வருவதில்லை!

மாடிக் குடியிருப்பில் வாழ்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். வண்டி நிறுத்த சொந்த இடம் இல்லாதவர்களுக்கு அந்த 8 பென்ஸ் மின்சாரமே கிடையாது.

இரவில் ஒரு வழி

நல்ல வேளையாக, நடுவில் ஒரு வழி இருக்கிறது. கேம்பர் வேன்கள் இரவு தங்கும் முகாம்களில் மின்சார இணைப்பு உண்டு. பல இடங்களில் அது 10 ஆம்பியர். விளக்குக்கும் கெட்டிலுக்கும் என்று வைத்தது. அதில் 10 மணி நேரம் ஏற்றினால் 23 யூனிட் ஏறும். அதாவது 90 கிலோமீட்டர் ஓடலாம்.

குறைவுதான். ஆனால் குழந்தைகளோடு ஊர் பார்க்கப் போகிறவர்கள் தினமும் அதைவிட அதிகமாக ஓட வேண்டுமா, என்ன? நிதானமாகப் போகிறவர்களுக்கு இந்த இரவுத் தீனி பெரிய உதவி. ஆனால் சில முகாம்களில் இதற்கு அனுமதி இல்லை. சில முகாம்களில் தனிக் கட்டணம். கேட்டுக்கொண்டு செருகுவதே மரியாதை.

ஹைப்ரிட்: இரண்டுங்கெட்டானா?

பெட்ரோல் பாதி, மின்சாரம் பாதி என்று ஓடுவது "ஹைப்ரிட்". 2024-ல் வந்த வோக்ஸ்வாகனின் புதிய "கலிபோர்னியா" கேம்பர் வேனில் இந்த வகை உண்டு. அதன் பாட்டரி சுமார் 20 யூனிட் பிடிக்கும். டீசல், பெட்ரோல் வகைகளும் வந்தன. முழு மின்சார வகை மட்டும் அப்போது வரவில்லை.

ஹைப்ரிட் வண்டியை இரண்டுங்கெட்டான் என்று கேலி செய்வது நியாயமல்ல. கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மின்சாரத்தில் ஓடும். தூர தேசத்துக்குப் பெட்ரோலில் ஓடும். நடுவழியில் பாட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் இல்லை.

ஆனால் ஒன்று. தினமும் மின்சாரம் ஏற்றினால்தான் இதில் லாபம். ஏற்றாமல் ஓட்டினால், கனமான பாட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோல் குடிக்கும் வண்டி அது! விலையும் ஏழைக்கு எட்டாத விலைதான்.

பாரத்தைப் பாருங்கள்

பாட்டரி கனம். அதன்மேல் கட்டில், அலமாரி, நான்கு பேர். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. பிரிட்டனில் 1997-க்குப் பிறகு சாதாரணக் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் 3,500 கிலோ வரையுள்ள வண்டியைத்தான் ஓட்டலாம். பாட்டரியின் பாரத்தை உத்தேசித்து, முழு மின்சார வண்டிக்கு இந்த எல்லையை 2025 ஜூன் மாதம் 4,250 கிலோவாக உயர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனாலும் வாங்குமுன் எடைக் கணக்கைக் கேட்பது அவசியம்.

அப்படியானால் யார் வாங்கலாம்?

வருடத்தில் இரண்டே வாரம் ஊர் சுற்றுகிறவர்கள் வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். ஒரு இரவுக்கு 150 பவுண்டு வாடகை என்றாலும் 14 இரவுக்கு 2,100 பவுண்டு. 57,000 பவுண்டுக்கு 27 ஆண்டு வாடகை கொடுக்கலாம்! வண்டியை விற்றுப் பாதிப் பணம் திரும்பி வந்தாலும், 13 ஆண்டு வாடகை மிச்சம்.

சொந்த வாசல் உள்ளவர்கள், தினமும் வண்டியை உபயோகிக்கிறவர்கள், வார இறுதியில் பக்கத்து ஊர்களுக்குப் போகிறவர்கள் வாங்கலாம். அவர்களும் புதிதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். நிஸ்ஸான் கம்பெனியின் "இ-என்வி200" என்ற சிறிய மின்சார வேன் 2014-ல் வந்தது. முதலில் 24 யூனிட் பாட்டரி. 2018 முதல் 40 யூனிட். இப்போது பழைய வண்டியாகத்தான் கிடைக்கும். அதைக் கேம்பர் வேனாக மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வேகமாக ஏற்றுவதற்கு அதில் உள்ள "சாடெமோ" என்ற செருகி, ஐரோப்பாவின் புதிய நிலையங்களில் அருகி வருகிறது.

பழைய பெட்டி சொல்லும் பாடம்

இந்த வண்டியின் கதை எப்படித் தொடங்கியது தெரியுமா? 1950-ல் வோக்ஸ்வாகன் வேன் வந்தது. 1951-ல் வெஸ்ட்பாலியா என்ற ஜெர்மன் கம்பெனி அதற்கு ஒரு "கேம்பிங் பெட்டி" செய்தது. பெட்டியை உள்ளே வைத்தால் படுக்கை அறை. வெளியே எடுத்தால் சாமான் ஏற்றும் வண்டி. வாரம் முழுவதும் உழைத்த வண்டி, விடுமுறையில் வீடாக மாறியது!

அந்தப் புத்திதான் இன்றும் வேண்டும். வாசலில் சும்மா நிற்கும் மின்சார மாளிகை நடுத்தரக் குடும்பத்துக்கு ஆகாது. தினமும் உழைக்கும் மின்சார வேனும், தேவைப்பட்டால் வைத்து எடுக்கும் கட்டில் பெட்டியும் போதும்.

அரசாங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. சொந்த வாசல் உள்ளவனுக்கு 5 சதவீத வரி. வாசல் இல்லாதவனுக்கு 20 சதவீத வரி. இது என்ன நியாயம்? இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். முகாம்களிலும் போதிய இணைப்புகள் வர வேண்டும்.

அதுவரை, வண்டியின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். போன வருடம் எத்தனை இரவு வெளியே தங்கினோம், எத்தனை மைல் போனோம் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதட்டும். வாங்கலாமா, வேண்டாமா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்!