எல்லாரும் ஒன்றுதானா?

"எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். யார் வந்தால் நமக்கென்ன?" தேர்தல் வந்துவிட்டால் தாராவி டீக்கடைகளிலும் சயான் கோலிவாடா சந்துகளிலும் நம்மவர் வாயில் இந்தப் பேச்சுதான். சலிப்பில் வரும் பேச்சு. அந்தச் சலிப்புக்குக் காரணமும் உண்டு.

2019 சட்டசபைத் தேர்தலில் பா.ஜ.க.வும் சிவசேனையும் கைகோத்து நின்று, காங்கிரசை எதிர்த்து ஓட்டுக் கேட்டன. அதே ஆண்டு நவம்பரில் அதே காங்கிரசுடன் சேர்ந்து உத்தவ் தாக்கரே முதல்வரானார். 2022-இல் சேனை பிளந்தது. ஏக்நாத் ஷிண்டே பா.ஜ.க. துணையுடன் முதல்வரானார். 2023-இல் தேசியவாத காங்கிரசும் பிளந்து, அஜித் பவார் அந்த ஆட்சியில் போய்ச் சேர்ந்தார். இதையெல்லாம் பார்த்த தொழிலாளியும் குமாஸ்தாவும் கட்சிகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று முடிவு கட்டினால், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வாக்குறுதிகளின் கதையும் அப்படித்தான். 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று சொல்லி 1995-இல் சிவசேனை – பா.ஜ.க. கூட்டணி ஆட்சிக்கு வந்தது. அந்தக் கணக்கின் அருகில்கூட அது போகவில்லை. 2000 வரை எழுந்த குடிசைகளுக்குப் பாதுகாப்பு என்று 2004-இல் காங்கிரஸ் அணி சொன்னது. வென்ற சில வாரங்களிலேயே அதே அணியின் ஆட்சியில் ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டன.

அப்படியானால் எல்லாரும் ஒன்றுதானா? இல்லை. மேடைப் பேச்சில் தெரியாத வித்தியாசம், தேதியிலும் சதுர அடியிலும் இருக்கிறது.

2024 சட்டசபைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தாராவி சீரமைப்புக்கு அதானி குழுமத்துக்குத் தந்த டெண்டரை ரத்து செய்வோம் என்றார் உத்தவ் தாக்கரே. குடும்பத்துக்கு 500 சதுர அடி வீடு வேண்டும் என்றும் கேட்டார். ஆளும் அணியோ அந்தத் திட்டத்தை நடத்தியே தீருவோம் என்றது; அதில் வீடு 350 சதுர அடி. இந்த 150 சதுர அடி, படிக்கிற பெண்ணுக்கு ஒரு தனி மூலை. தாராவி காங்கிரசின் ஜோதி கெய்க்வாட்டைத் தேர்ந்தெடுத்தது. பக்கத்துச் சயான் கோலிவாடா பா.ஜ.க.வின் தமிழ்ச்செல்வனை மறுபடியும் அனுப்பியது. மாநிலம் ஆளும் அணியின் பக்கம் போயிற்று, திட்டமும் தொடர்ந்தது. யார் வந்தாலும் ஒன்றே என்றால் இது எப்படி?

அந்தத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள தரைத்தள வீட்டுக்குத் தாராவியிலேயே இலவச இடம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்ததற்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கும் இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மாடியில் குடியிருப்பவருக்கு வேறு கணக்கு. திருநெல்வேலியிலிருந்து 1999-இல் வந்து குடிசை போட்ட அண்ணன் உள்ளே. 2001-இல் வந்து போட்ட தம்பி வெளியே!

இந்தக் கெடு ஒரு காலத்தில் 1995 ஜனவரி 1 ஆக இருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டுத்தான் 2000-க்கு வந்தது. தேதி தானாக நகரவில்லை. குடிசைவாசிகளின் ஓட்டுக்குப் பயந்து நகர்த்தினார்கள்.

ஆகவே, கும்பிட்டபடி வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் கொடியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. எந்தத் தேதி வரை வந்தவருக்கு வீடு? எத்தனை சதுர அடி? எந்த இடத்தில்? இந்த மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். எல்லாரும் ஒன்றுதான் என்று ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்துவிட்டால், தம்பியின் தேதியை நகர்த்த யாருக்கும் அவசியம் இராது.