காமாக் கதிர் வெடிப்பும் வான் தூரமும்

ஆழம் அறியாது ஏரியை அறிந்தோமென்பாரைப் போல்வர், தூரம் அறியாது வானத்தை அறிந்தோமென்பார். தூரத்தை அளக்கும் முறையோ எளிது. தீர்த்தமலை உச்சியில் ஒரு விளக்கு எரிவதாகக் கொள்வோம். நாம் இருமடங்கு தூரம் விலகினால் அதன் ஒளி நாலிலொன்றாகக் குறையும். ஆகவே விளக்கின் உண்மை வலிமை தெரிந்தால் அதன் தூரத்தைக் கணித்துவிடலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர், வெண்குள்ள நக்ஷத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லையுண்டென 1930-இல் கண்டார். அவ்வெல்லை சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. அதனை நெருங்கி வெடிக்கும் நக்ஷத்திரங்கள் பெரும்பாலும் ஒத்த வலிமையுடையன. இவ்விளக்குகளைக் கொண்டே பிரபஞ்சத்தின் விரிவு விரைந்து வருவதென 1998-இல் தெளிந்தனர்.

ஆயினும் மிகுதூரத்தில் இவை மங்கிவிடும். அங்கும் புலப்படுவன காமாக் கதிர் வெடிப்புகள். 1967-இல் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் இவற்றை முதன்முதல் உணர்ந்தன. 2009 ஏப்ரல் 23-இல் தோன்றிய ஒன்றன் ஒளி, நம்மை வந்தடைய ஏறக்குறைய 1,300 கோடி ஆண்டுகள் கொண்டது. இவ்வெடிப்புகளின் கதிர் உச்சங்கொள்ளும் சக்திக்கும், வெளிவிடும் மொத்த சக்திக்கும் தொடர்புண்டென 2002-இல் இத்தாலிய அறிஞர் அமாட்டி முதலியோர் காட்டினர்.

எனின், இதனை அளவுகோலாக ஏற்கலாமோ? இன்னும் ஏற்கலாகாது என்பதே நம் கருத்து. வெடிப்புக்கு வெடிப்பு வலிமை பெரிதும் வேறுபடுகிறது. அன்றியும், அண்மையில் நிகழ்வன மிகச் சிலவாதலின், மொத்த சக்தியைக் கணிக்கப் பிரபஞ்சத்தின் அமைப்பை முன்னரே அனுமானித்துக்கொள்ள நேர்கிறது. அமைப்பை அறியவே அளக்கப் புகுந்து, அதனையே ஆதாரமாகக் கொள்வது, படியை நெல்லாலும் நெல்லை அப்படியாலும் அளப்பதை ஒக்கும். வெடிக்கும் நக்ஷத்திரங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவதே நேர்வழி. அப்பொழுதும் அவற்றின் பிழை இதனையும் தொடரும்.

அதனால் இதனை எறிந்துவிடுதலும் தகாது. ஏணியின் மேற்படியாக வைத்துப் பொறுமையுடன் திருத்துக. 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பெற்ற நம் அஸ்ட்ரோசாட், அக்டோபர் 6-ஆம் நாளே ஒரு வெடிப்பைக் கண்டது. பின்னர்ப் பல நூறு கண்டது. வெடிப்பின் பின்னொளி விரைவில் மங்குவதாதலின், தொலைநோக்கிகளும் அவற்றின்முன் விழித்திருக்கும் கண்களும் வேண்டும். தர்மபுரிக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையிற் காவலூரில் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986-இல் நிறுவப்பெற்றது. அதனைக் கண்டு வரும் நம் மாணவர், விடையைக் காட்டிலும் அளவுகோலை முதலில் ஐயுறக் கற்பாராக.