ஒன்பது மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே

நீரில் மூழ்கி இறப்பது ஒரு வியாதி அன்று. அதற்குக் கிருமி கிடையாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் கிடையாது. ஆகையால் கொள்ளைநோய்களை ஆராயும் சாஸ்திரத்தில் பயின்றவர்களுக்கு இவ்விஷயத்தில் என்ன வேலை என்று வினவுவோர் உண்டு. காலராவையும் அம்மையையும் துரத்திக்கொண்டு வங்கதேசத்துக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களே, அந்நோய்கள் அடங்கத் தொடங்கிய காலத்தில், அவற்றின் பின்னால் மறைந்து நின்றிருந்த வேறொரு யமனை எதிர்கொண்டார்கள் என்பதுதான் அதற்கு விடை.

டாக்காவுக்குத் தென்கிழக்கே மத்லப் என்றொரு வட்டாரம் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு தொடங்கி அங்கே பிறப்பு, இறப்பு, விவாகம், குடிபெயர்ச்சி எல்லாம் பதிவாகி வருகின்றன. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலும் தடுப்பூசியும் வந்து, பேதியாலும் தட்டம்மையாலும் மாளும் சிசுக்களின் தொகை குறையக் குறைய, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் மரணங்களில் நீரில் மூழ்கியவற்றின் பங்கு ஏறிக்கொண்டே போயிற்று. 2003-ஆம் ஆண்டில் நாடு தழுவிய ஓர் ஆய்வு நடந்தபோது, வங்கதேசத்தில் வருஷத்துக்குச் சுமார் 17,000 குழந்தைகள் இவ்வாறு மடிகிறார்கள் என்று தெரியவந்தது.

இத்தொகையை ஆஸ்பத்திரிக் குறிப்பேடுகளிலிருந்து எடுத்திருக்க முடியாது. ஏனெனில் நீரிலிருந்து உயிரற்று எடுக்கப்பட்ட குழந்தையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதில்லை, போலீஸ் ஸ்டேஷனுக்கும் பெரும்பாலும் சொல்லி அனுப்புவதில்லை. அன்று மாலைக்குள் அடக்கம் முடிந்துவிடுகிறது. ஆகவே ஆய்வாளர் அந்த வீட்டுக்கே சென்று திண்ணையில் உட்கார்ந்து, குழந்தையைக் கடைசியாக எங்கே கண்டீர்கள், அப்போது என்ன காரியமாக இருந்தீர்கள், எவ்வளவு நேரம் கழித்துத் தேடினீர்கள், நீரில் முதலில் கண்டவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாய்மொழி விசாரணையால் மரண காரணத்தை நிர்ணயிக்கும் இந்த முறையில், எதிரே இருப்பவள் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்பதை மறக்கவும் கூடாது, அதற்காகக் கேள்வியை விழுங்கிவிடவும் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே நடந்து பழகுவதுதான் இத்தொழிலில் கடினமான பயிற்சி என்பது என் அபிப்பிராயம். புள்ளிவிவரக் கணிதத்தை எவரும் புத்தகத்தில் கற்றுக்கொள்ளலாம்.

அவ்விதம் சேர்ந்த விடைகளை அடுக்கிப் பார்த்தபோது, விதி என்றும் காலனின் அழைப்பு என்றும் ஊரார் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றுக்கு, வயதும் இடமும் வேளையும் உண்டு என்பது புலனாயிற்று. மிகுதியாக இறப்பவர்கள் நடை பழகிய பருவத்திலிருந்து நான்கு வயது வரையுள்ளவர்கள். இடம் ஆறுமன்று, கடலுமன்று, பெரும்பாலும் வீட்டிலிருந்து 20 மீட்டருக்கு உட்பட்ட குளமோ குட்டையோதான். வேளை காலை ஒன்பது மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் நடுவே, அதாவது தகப்பன் வயலுக்கும் மூத்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட, தாய் அடுப்படியிலும் பாத்திரத்திலும் துணியிலும் மூழ்கியிருக்கும் நேரம்.

அந்தக் குளம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளம் ஆண்டுதோறும் வந்து போகும் அத்தாழ்நிலத்தில், வீட்டைக் கட்டுமுன் மேட்டைக் கட்டியாக வேண்டும். மேட்டுக்கு வேண்டிய மண்ணைப் பக்கத்திலேயே வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் குளமாகிவிடுகிறது. அதில் மீன் வளர்கிறது, பாத்திரம் துலங்குகிறது, வாத்து மேய்கிறது, குடும்பமே குளிக்கிறது. வெள்ளத்திலிருந்து குடும்பத்தைக் காப்பதற்காக உயர்த்திய மேடே, வாசலிலிருந்து சில எட்டுத் தூரத்தில் ஒரு பள்ளத்தையும் விட்டுச் செல்கிறது. இதைத் தூர்த்துவிடு என்றோ, சுற்றிலும் வேலி போடு என்றோ உபதேசிப்பவர் அந்தக் குடும்பத்தின் ஜீவனத்தை அறியாதவர். எச்சரிக்கைப் பலகை நடுவதைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வாசிக்கத் தெரியாது.

பின் என்னதான் வழி? 2006 முதல் 2010 வரை, ஃபஸ்லுர் ரஹ்மான் என்னும் ஆராய்ச்சியாளரும் அவரைச் சார்ந்தோரும் வங்கதேசத்து விபத்துத் தடுப்பு ஆராய்ச்சி மையத்தின் வாயிலாக ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். கிராமத்துப் பெண் ஒருத்தியைப் பயிற்றி, ‘ஆஞ்சல்’ என்ற பெயரில், அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அந்த அபாயமான காலை வேளை முழுவதும் ஓரிடத்தில் வைத்து, பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பார்த்துக்கொள்ளச் செய்தார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, அதே கிராமத்துக் குளத்தில் மூங்கில் தட்டி கட்டி நீச்சல் கற்பித்தார்கள். ஆஞ்சலில் சேர்ந்த குழந்தைகளிடையே மூழ்கி இறக்கும் அபாயம் 82 சதவீதம் குறைந்தது. நீச்சல் கற்றவர்களிடையே 93 சதவீதம். பின்னதுதான் பெரிய எண் என்று சிலர் நீச்சலையே பிடித்துக்கொள்கிறார்கள்; ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு நீச்சல் கற்பித்துக் காப்பாற்ற முடியாது, அதிகமாகச் சாவது அந்த வயதில்தான்.

முடிவுகள் கையில் கிடைத்த பிறகும், 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்கள் அமைத்து இரண்டு லட்சம் குழந்தைகளைச் சேர்க்கும் திட்டத்துக்கு வங்கதேச சர்க்கார் அங்கீகாரம் அளித்தது 2022-ஆம் ஆண்டில்தான். இடையே ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 25-ஐ இதற்கென ஒரு தினமாகவும் அறிவித்துவிட்டது. தினங்கள் விரைவாகப் பிறக்கின்றன. ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் உத்தரவுதான் சாவகாசமாக வருகிறது. மீட்புப் படகு வாங்கினால் மந்திரி கொடியசைக்கலாம். நான்கு மணி நேரம் எதுவும் நிகழாமல் கழிந்த ஒரு முற்பகலைப் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்ப முடியாது அல்லவா?

நம் தேசம் இதில் விலகி நிற்க இயலாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,503 பேர். இது போலீஸ் ஏட்டிலிருந்து வந்த எண் ஆதலால், வீட்டுக் குளத்தில் போன குழந்தைகள் பலர் இதில் இல்லை. மேற்கு வங்கத்துச் சுந்தரவனத்தில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தபோது, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ளோரில் லட்சத்துக்கு ஏறக்குறைய 244 பேர் வருஷந்தோறும் இறப்பதாகக் கண்டார்கள். 2023 டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு தடுப்புத் திட்ட வரைவை வெளியிட்டதுண்டு.

ஆயினும் 1975 முதல் நம்மிடம் உள்ள அங்கன்வாடியை நோக்குங்கள். முன்பருவக் கல்வி மூன்று வயதானவர்களுக்கே என்பது பொது ஏற்பாடு. அதற்குக் கீழே உள்ளோருக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவுதான். தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்லதே, ஆயினும் நடை பழகியதும் நீரை நோக்கி ஓடும் பருவம் கதவுக்கு வெளியே நிற்கிறது. எல்லா அங்கன்வாடியிலும் ஒரு வயதுக் குழந்தையைச் சேர் என்று நான் வாதிக்கவில்லை. தொட்டில் பிள்ளையைப் பார்க்க இன்னொரு கை வேண்டும், அதற்குச் சம்பளமும் வேண்டும். எந்த ஊர்களில் வேண்டும் என்று கண்டுபிடிப்பது மட்டும் சிரமமன்று. அங்கன்வாடி ஊழியர் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டுக் குழந்தையின் பெயரையும் வயதையும் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை அவ்வீட்டுக்குப் போகும்போது, வாசலிலிருந்து மூடாத கிணறோ குட்டையோ எத்தனை தப்படி என்று நடந்து பார்த்து, அதையும் ஒரு பத்தியில் குறித்துவரச் சொல்லி ஜில்லா கலெக்டர்கள் உத்தரவிடலாம்.