கார்லைல் அணியின் வெற்றி யாருக்குச் சொந்தம்?

1912 நவம்பர் 9. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயின்ட் மைதானத்தில் ஒரு பக்கம் அமெரிக்க ராணுவத்தின் வருங்கால அதிகாரிகள். எதிரே, பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியிலிருந்து வந்திருந்த பூர்வகுடி இளைஞர்கள். வூண்டட் நீ என்ற இடத்தில் அதே ராணுவம் லகோட்டா மக்களைக் கொன்று குவித்து அப்போது 22 ஆண்டுகள்கூட முடிந்திருக்கவில்லை. முதலில் புள்ளி எடுத்தது ராணுவ அணிதான். ஆனால் ஆட்டம் முடிந்தபோது கணக்கு கார்லைல் 27, ராணுவம் 6.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் ஓட வேண்டும். தடுப்பவர்கள் மேலே விழுந்து சாய்ப்பார்கள். கார்லைல் ஆட்டக்காரர்கள் எடையில் குறைந்தவர்கள். அதனால் வேகமும் போக்குக்காட்டுவதும்தான் அவர்களுடைய ஆயுதம். அன்று பந்து யாரிடம் போகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஆட்டம் ராணுவத்தின் கையைவிட்டுப் போய்விட்டது. ஆட்டத்தை வழிநடத்தியவர் ஓஜிப்வே இனத்தவரான கஸ் வெல்ச். மூன்று முறை எல்லையைத் தொட்டவர் அலெக்ஸ் அர்காசா. அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று திரும்பியிருந்த கார்லைல் ஆட்டக்காரர் ஜிம் தார்ப்பைத் தடுக்கத் திணறியவர்களில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவரும் ஒருவர்.

அந்தப் பருவத்தில் கார்லைல் ஆடிய 14 ஆட்டங்களில் 12 வெற்றி, ஒரு டிரா, ஒரே ஒரு தோல்வி. எடுத்த புள்ளிகள் 504.

இந்தச் சாதனையைச் சொல்பவர்கள் பலரும் பயிற்சியாளர் பாப் வார்னரின் மூளைக்கும் பள்ளியின் பெருமைக்கும் அதை எழுதிவைத்துவிடுகிறார்கள். அது அந்த இளைஞர்களுக்குச் செய்யும் அநீதி. வார்னரின் வியூகங்கள் புதுமையானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கார்லைல் எப்படிப்பட்ட பள்ளி?

1879இல் பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் ரிச்சர்ட் பிராட் என்ற அதிகாரி தொடங்கிய தொழிற்பள்ளி அது. பெற்றோரிடமிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அங்கேயே இறந்து புதைக்கப்பட்ட பிள்ளைகள் 180 பேருக்கு மேல். இப்படிப்பட்ட இடத்துக்கு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தையே வென்ற கால்பந்து அணி மிகச் சிறந்த விளம்பரமாக அமைந்தது. வசூல் பெரிய மைதானங்களில்தான் என்பதால் பெரும்பாலும் வெளியூரிலேயே ஆடவைத்தார்கள்.

1913 ஜனவரியில் தார்ப்பின் பதக்கங்கள் பறிபோயின. 1909, 1910 கோடைக்காலங்களில் வட கரோலினாவில் சிறு சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார் என்பதே குற்றம்; சம்பளத்துக்கு ஆடியவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை. தனக்கு எதுவும் தெரியாது என்று வார்னர் ஒதுங்கிக்கொண்டார். தார்ப் 1953இல் இறந்தார். பதக்கங்களைத் திருப்பித் தரும் முடிவு வந்தது 1982இல்; அந்த இரண்டு போட்டிகளின் ஒரே வெற்றியாளர் அவரே என ஒலிம்பிக் கமிட்டி ஏற்க 2022 வரை ஆனது.

வெல்ச் சும்மா இருக்கவில்லை. பள்ளி நிர்வாகத்தை விசாரிக்கக் கோரி மாணவர்களிடம் கையெழுத்து திரட்டினார். 1914இல் நாடாளுமன்றக் குழு வந்தது; விளையாட்டு நிதி செலவான விதமும், வார்னர் ஆட்டக்காரர்களை இழிவாக நடத்தியதும் சாட்சியங்களில் வெளிப்பட்டன. மறு ஆண்டே வார்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அணிக்குப் போய்விட்டார். அதிகாரத்தை எதிர்த்துப் பெயர் போட்டுக் கையெழுத்திட, ராணுவ அணியை எதிர்த்து ஓடுவதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும். இத்தனைக்கும் பூர்வகுடியினர் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமையே 1924இல்தான் கிடைத்தது.

1918இல் மூடப்பட்ட அந்தப் பள்ளியின் வளாகம் 2024 டிசம்பரில் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே 1912 அணியின் கதையை எழுதும்போது வார்னரின் வியூகப் படங்கள் மட்டும் போதாது. வெல்ச்சின் மனுவும் 1914 விசாரணையின் சாட்சியங்களும் அவற்றுக்குப் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயரோடும் அவருடைய இனத்தின் பெயரைப் பொறிக்க வேண்டும்.