கடற்கரைக்கு நான்கு நாள், நகரத்துக்கு மூன்று நாள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீட்டை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் பயணத்தில் நயாகரா, வாஷிங்டன், பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில் எல்லாம் பார்த்தாகிவிடுகிறது. அடுத்த தடவை போகும்போது, "அப்பா, இந்த முறை ஒரு வாரம் கரீபியன் போய் வரலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நமக்கும் ஆசைதான். மேற்கிந்தியத் தீவுகள் என்றால் கிரிக்கெட் வர்ணனையில் மட்டும் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம்.

ஆனால் அந்த ஒரு வாரத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் வாரம் முழுவதையும் ஒரே கடற்கரை விடுதியில் கழிக்கத் திட்டம் போடுகிறார்கள். நம்மில் சிலர், "மணலில் உட்காரவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று முணுமுணுக்கிறோம். இரண்டு கட்சியும் பாதிதான் சரி என்பேன். வாரத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் மூன்று நாள் பழைய நகரம், பிறகு நான்கு நாள் கடற்கரை. இந்த வரிசையை மாற்றக்கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் நேரில் கண்ட டொமினிக்கன் குடியரசையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஹிஸ்பானியோலா என்ற பெரிய தீவின் கிழக்குப் பகுதி அது. மேற்குப் பகுதி ஹெய்ட்டி. பரப்பளவில் நம் கேரளத்தைவிடச் சற்றுப் பெரியது. மக்கள் தொகை ஒரு கோடிக்குச் சற்று மேல். 2023ஆம் ஆண்டில் கப்பலில் வந்தவர்களையும் சேர்த்து ஒரு கோடிப் பேர் அங்கே சுற்றுலா வந்தார்கள். அவர்களில் மிகப் பலர் கிழக்குக் கோடியில் உள்ள புந்தா கானா என்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்தே விமானம் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். தலைநகரான சாந்தோ தொமிங்கோ சாலை வழியாக மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட தூரத்தில் இருந்தும் அதை எட்டிப் பார்ப்பதில்லை.

இதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விடுதிகளின் ஏற்பாடு அப்படி. மூன்று வேளைச் சாப்பாடு, குடிக்கப் பானம், இரவில் ஆட்டம் பாட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு, கையில் ஒரு வண்ணப் பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். வெளியே போய்ச் சாப்பிட்டால் அது இரட்டைச் செலவு. கணக்குப் பார்க்கும் நடுத்தரக் குடும்பம் எதுவும் கேட்டைத் தாண்டாது. விமான நிலையம், பேருந்து, விடுதி, மணல், மறுபடியும் விமான நிலையம் என்று வாரம் ஓடிவிடும். எந்த நாட்டுக்குப் போய் வந்தோம் என்பதைப் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நகரத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் நிறுவி இன்றுவரை தொடர்ந்து மக்கள் வசித்து வரும் நகரங்களில் மிகப் பழையது சாந்தோ தொமிங்கோ. கொலம்பஸின் தம்பி பர்த்தலோமியு 1496இல் தொடங்கியது. 1502இல் ஆளுநர் நிக்கோலாஸ் தெ ஒவாந்தோ அதை ஒசாமா ஆற்றின் மேற்குக் கரைக்கு மாற்றி, சதுரங்கக் கட்டம்போல் தெருக்களை வகுத்தார். 1503இல் அவர் நிறுவிய மருத்துவமனையின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. 1540 வாக்கில் கட்டி முடித்த பேராலயம் இருக்கிறது. 1586இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டிரேக் நகரைக் கொள்ளையிட்டபோது அங்கேதான் தங்கினார். கொலம்பஸின் மகன் தியேகோ கட்டிய மாளிகையும் உண்டு. இந்தப் பழைய பகுதியை யுனெஸ்கோ 1990இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எல்லாம் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

பழைய கட்டடம் நம் ஊரில் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு 500 வருடம் ஒரு பழமையா என்பார்கள். நியாயமான கேள்விதான். நான் அங்கே போகச் சொல்வது கட்டடத்தின் வயதுக்காக அல்ல. நமது தட்டில் இருக்கும் மிளகாயும், நம்மை 'இந்தியர்' என்று அழைக்கும் பெயரும் சம்பந்தப்பட்ட ஒரு கதை அந்தத் தெருக்களில் கிடக்கிறது. அதற்காகச் சொல்கிறேன்.

கொலம்பஸ் தேடிப் புறப்பட்டது ஆசியாவின் வாசனைப் பொருள்களை. 1492 டிசம்பரில் இந்தத் தீவைத் தொட்டபோது ஆசியாவை நெருங்கிவிட்டதாகவே நம்பினார். ஆகவே அங்கிருந்த தாயினோ மக்களுக்கு 'இந்தியர்' என்று பெயர் வைத்தார். மிளகு கிடைக்கவில்லை, அவர்கள் 'அஹி' என்று சொன்ன காரமான காய் கிடைத்தது. அந்தச் செடி பின்னர் போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தபோது, மிளகைப்போல் காரமான காய் என்பதால் நாம் மிளகாய் என்றோம். மரவள்ளிக் கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. அதைத் துருவிப் பிழிந்து சுடும் தாயினோ மக்களின் 'கசாபே' ரொட்டி இன்றும் அங்கே கடைகளில் கிடைக்கிறது. எதிர்த் திசையில் போனது கரும்பு. கொலம்பஸ் தமது 1493ஆம் ஆண்டுப் பயணத்தில் அதைக் கொண்டுபோனார். அங்கே சர்க்கரைக்கு 'அசூகர்' என்கிறார்கள். அதுவும் நம் நாட்டு 'சர்க்கரா' என்ற சொல் அரபு வழியாகப் போய்ச் சேர்ந்ததுதான்.

பெயர் வாங்கிய அந்த 'இந்தியர்கள்' என்ன ஆனார்கள்? தங்கச் சுரங்க வேலையும், பட்டினியும், புதிய நோய்களும் சேர்ந்து சில பத்தாண்டுகளுக்குள் அவர்கள் சமூகத்தையே அழித்துவிட்டன. 1511 டிசம்பரில், அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்ற பாதிரியார் அதிகாரிகளையும் நிலக்காரர்களையும் எதிரில் வைத்துக்கொண்டே, இவர்களும் மனிதர்கள் அல்லவா, எந்த உரிமையில் இவர்களை அடிமை கொள்கிறீர்கள் என்று பிரசங்க மேடையில் கேட்டார். கடற்கரைச் சாலையில் அவருக்கு ஒரு பிரம்மாண்டமான சிலை இருக்கிறது. மெக்சிகோ நாடு கொடுத்தது, 1982இல் வைக்கப்பட்டது. கையை வாயருகே வைத்துக் கடலை நோக்கிக் கூவும் தோற்றம். என் 11 வயதுப் பேத்தி, "தாத்தா, அவர் ஏன் கத்துகிறார்?" என்று கேட்டாள். சுருக்கமாகச் சொன்னேன். "யாராவது கேட்டார்களா?" என்று அடுத்த கேள்வி வந்தது. உடனே யாரும் கேட்கவில்லை என்பதுதான் சரித்திரம். தாயினோ மக்கள் அழிந்த பின் கரும்பு ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள்.

இந்த இடத்தில்தான் வரிசையின் முக்கியத்துவம் வருகிறது. நகரத்தைப் பார்த்துவிட்டுக் கிழக்கே சாலையில் போனால் சான் பேத்ரோ தெ மக்கோரிஸ், லா ரொமானா என்ற ஊர்ப்பக்கம் கரும்புக் காடுகள் தொடங்கிவிடும். அந்தக் கரும்பை வெட்ட 20ஆம் நூற்றாண்டு முழுவதும் ஹெய்ட்டியிலிருந்து கூலியாட்கள் வந்தார்கள். 'பத்தேய்' எனப்படும் லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். 2013 செப்டம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. முறையான குடியிருப்பு உரிமை இல்லாத அந்நியப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள், 1929 முதல் பிறந்தவர்களாயினும், குடிமக்கள் அல்லர் என்றது அது. அங்கேயே பிறந்து வளர்ந்த ஏராளமான பேர் ஒரே நாளில் நாடற்றவர் ஆனார்கள். 2014இல் வந்த சட்டம் ஒரு பகுதியினருக்கு வழி செய்தது, எல்லோருக்கும் அல்ல. இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் கண்டுவிட்டுக் கடற்கரை விடுதிக்குள் நுழையும்போது நம் பார்வை மாறியிருக்கும். சாப்பாட்டு மேசையில் எங்களுக்குப் பரிமாறிய இளைஞர் மேற்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பணியாளர் குடியிருப்பில் தங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருவதாகச் சொன்னார். ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறாராம். 1970களில் தில்லிக்கு வந்து கரோல்பாகில் ஒண்டுக் குடித்தனம் இருந்து, மாதாமாதம் மணியார்டர் அனுப்பிய நம்மில் எத்தனை பேருக்கு அது சொந்தக் கதை! நகரத்தைப் பார்க்காமல் நேராக விடுதிக்கு வந்திருந்தால் அவர் ஊர் எது என்று கேட்கவே எங்களுக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். கடற்கரை முதலில், நகரம் பின்னால் என்று வைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. நான்கு நாள் சாய்வு நாற்காலியில் கிடந்த உடம்பு நகரத்து வெயிலில் நடக்க மறுக்கும்.

அதற்காகக் கடற்கரையே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் விடுமுறைதான் பிள்ளைகளுக்கு. அவர்கள் அலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவதும் அவசியம். பேரப்பிள்ளைகளோடு நாம் அவசரமில்லாமல் பேசக் கிடைப்பதும் அந்த நான்கு நாள்தான். சரித்திரம், சரித்திரம் என்று ஏழு நாளும் இழுத்தடித்தால், "மாமாவோடு இனிமேல் எங்கும் போகக் கூடாது" என்று மருமகள் முடிவு செய்துவிடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

சில எதிர்வாதங்களையும் பார்த்துவிடலாம். இரண்டு முறை மூட்டை கட்ட வேண்டுமே என்பார்கள். சாந்தோ தொமிங்கோவில் இறங்கி, புந்தா கானாவிலிருந்து திரும்பும்படி டிக்கெட் வாங்கினால் போன வழியே திரும்பும் அலைச்சல் இல்லை; இரண்டுக்கும் நியூயார்க்கிலிருந்து நேர் விமானம் உண்டு, ஏறத்தாழ நான்கு மணி நேரம். முழங்கால் வலிக்காரர்கள் காலை எட்டிலிருந்து பத்தரை, மாலை நான்கரைக்கு மேல் என்று நடையைப் பிரித்துக்கொள்ளலாம். பழைய நகருக்குள்ளேயே தங்கினால் நடுவில் அறைக்குத் திரும்பிப் படுக்கலாம். சைவச் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம்: சாதமும் அவரை வகைக் குழம்பும் அவர்களுடைய தினசரி உணவு; வாழைக்காயை அவித்து மசித்ததும், தட்டிப் பொரித்ததும் எங்கும் கிடைக்கும். மாமிசம் போட்டு வேகவைத்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. இரவில் வெறிச்சோடிய தெருக்களைத் தவிர்க்கவும். இது தில்லியில் இருப்பவர்களுக்குப் புதிய பாடம் அல்ல.

திங்கட்கிழமையில் பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். வசந்த காலத்திலிருந்து கோடை வரை சில கரைகளில் கடற்பாசி குவிந்து நாறும். பார்த்துத் தேதி குறிக்கவும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்குத் தனி விசா தேவையில்லை என்பதுதான் விதி. இருந்தாலும் புறப்படுமுன் தூதரகத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது.

இது கரீபியனுக்கு மட்டும் பொருந்தும் விஷயம் அல்ல. தில்லியில் 30 வருடம் வாழ்ந்தும் மலை மந்திர், சங்கக் கட்டடம், அலுவலகம் இந்த மூன்றைத் தவிர வேறு தெரியாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மெஹ்ரோலி எந்தப் பக்கம் என்று கேட்டால் விழிப்பார்கள். பிழைக்க வந்த ஊரையே விடுதிபோல் பாவித்து, சுவருக்குள் வாழ்ந்து பழகியவர்களுக்குச் சுற்றுலாவிலும் சுவருக்குள் இருப்பது சுலபமாகத்தான் இருக்கும். நாளைக்கு நம் பேரப்பிள்ளைகளும் உலகத்தில் எங்கே போனாலும் நீச்சல் குளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் பழக்கத்துக்கு வந்துவிடக் கூடாது.

ஆகவே பிள்ளைகள் டிக்கெட் வாங்குமுன் நாம் வாயைத் திறக்க வேண்டும். "எங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டுப் பிறகு அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. "நான்கு நாள் உங்களுக்கு, மூன்று நாள் எங்களுக்கு, எங்களுடையது முதலில்" என்று சொல்லிப் பாருங்கள். பேரக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது.